கிளார்க்காகவே இருப்பதா, ஆஃபீசராகி ஊர் மாறுவதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வருடமாக நாகர்கோவிலில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கிளார்க். வயது 33. மூத்தவனுக்கு ஏழு வயது, இளையவளுக்கு மூன்று. கணவர் மஸ்கட்டில். வீட்டில் கூட இருப்பது கணவரின் அம்மா, அவள் மாமி மட்டும். கிளார்க்கிலிருந்து ஆஃபீசர் ஆவதற்கான சுற்றறிக்கை வந்திருந்தது. விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"என்ன செய்யதுன்னு தெரியல்ல அக்கா. இந்த வருசமும் எழுதாம விட்டுரட்டுமா?"

'இந்த வருசமும்' என்று அவள் சொன்னது எனக்கு உறைத்தது. ஏற்கெனவே இரண்டு முறை விட்டிருக்கிறாள். நானும் அப்படித்தான் விட்டேன். அன்று விளக்கு வைக்கும் நேரம் வரை பேசினோம். இதே கேள்வியோடு இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ பெண்கள் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பேசியதை எழுதி வைக்கிறேன்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். படிப்பதிலும், வங்கித் தேர்வு எழுதி வேலைக்கு வருவதிலும் நம் பெண்கள் பின்வாங்கியதில்லை. வந்த பிறகுதான் நின்றுவிடுகிறார்கள். நான் வேலை பார்த்த கிளைகளில் கவுண்டரில் பாதிக்கு மேல் பெண்கள் இருந்தார்கள். கிளை மேலாளர்கள் கூட்டத்துக்குப் போனால் ஒரு வரிசையில் அடங்கிவிடுவோம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஊர் மாற்றம். கிளார்க்காக இருக்கும்வரை பெரும்பாலும் சொந்த மாவட்டம், மிஞ்சினால் பக்கத்து மாவட்டம். ஆஃபீசர் ஆகும்போது, இந்தியாவில் எங்கே போட்டாலும் போகிறேன் என்று கையெழுத்துப் போடுகிறோம்.

சரி, அவள் முன்னால் இருந்த வழிகள் நாலு. கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெறுவது. ஆஃபீசராகிப் பிள்ளைகளோடு போவது. பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போவது. பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போடுவது.

முதலில் காசைப் பார்த்துவிடுவோம். 2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தப்படி கிளார்க்கின் அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாயில் தொடங்கி 64,480-இல் முடிகிறது. ஆஃபீசர் பதவியின் முதல் படியான ஸ்கேல் ஒன்றுக்கு 48,480-இல் தொடக்கம். ஸ்கேல் இரண்டுக்கு 64,820, ஸ்கேல் மூன்றுக்கு 85,920. ஒன்பது வருடச் சேவையும் பட்டத்துக்கான இரண்டு இன்கிரிமென்ட்டும் சேர்ந்தால் இன்று அவள் அடிப்படை 43,000-ஐ ஒட்டி இருக்கும். அதனால் ஆஃபீசரான முதல் வருடம் சம்பளத்தில் பெரிய மாற்றம் தெரியாது. இன்னொரு ஊரில் குடித்தனம் போட்டால் அந்த வித்தியாசத்தைப் பால்காரரும் ரயில் டிக்கெட்டும் தின்றுவிடும். "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று பலரும் கேட்பது இந்த முதல் வருடக் கணக்கைப் பார்த்துத்தான்.

ஆனால் கிளார்க் இருபது வருடத்துக்குப் பிறகு தொடும் உச்சமும், ஸ்கேல் இரண்டு ஆஃபீசரின் முதல் நாள் சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, புதிய ஓய்வூதியத் திட்டம்தான். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் நாம் 10 சதவீதம் போட, வங்கி 14 சதவீதம் போடுகிறது. அடிப்படை ஏறினால் இரண்டும் ஏறும், நின்றால் அந்த வேகத்தில் ஏறாது. நம் வீடுகளில் ஆண்கள் முன்னால் போய்ச் சேர, பெண்கள் அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடம் இருப்பதை எல்லோரும் பார்க்கிறோம். அந்த வருடங்களுக்கான அரிசியும் மாத்திரையும் இப்போது எடுக்கும் முடிவிலிருந்துதான் வரும்.

அவள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கணவர் மஸ்கட்டில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார், சரி. ஓமானில் உள்நாட்டவர்களுக்கே வேலை என்ற கொள்கை இறுகிக்கொண்டுதான் வருகிறது. நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் திரும்பி வந்து, மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு கடை போட்டு, அது ஓடாமல் உட்கார்ந்திருக்கும் எத்தனை பேருக்கு நாமே கடன் கொடுத்திருக்கிறோம்? அன்று அந்த வீட்டில் மாதாமாதம் வரும் ஒரே வருமானம் இவளுடையதாக இருக்கலாம். இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இனி, இருக்கும் இடத்திலேயே இருப்பது. இதைத் தோல்வி என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என்னோடு ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, ஒற்றைப் பிள்ளை. அப்பாவுக்குப் பக்கவாதம். முப்பது வயதில், "எனக்கு ப்ரொமோஷன் வேண்டாம், இனி யாரும் கேக்காதுங்க" என்று தெளிவாகச் சொன்னாள். ஆறரை மணி நேர வேலை முடிந்தால் நேராக வீடு. அப்பாவைப் பதினாலு வருடம் தன் கையால் பார்த்தாள். சங்க வேலையில் இறங்கி, கர்ப்பிணிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கிளை மாற்றம் வாங்கிக் கொடுக்க மேலிடத்தில் போய் நின்று வாதாடினாள். அவள் இருந்த கிளையில் கிழவிகள் பென்ஷன் எடுக்க வந்தால் மேனேஜரைத் தேட மாட்டார்கள், அவளைத்தான் தேடுவார்கள்.

அவளுக்கு வலித்தது எது என்று ஒருநாள் கேட்டேன். வருடத்துக்கு ஒரு புதுப் பையன் ஆஃபீசராக வருவான். நகைக்கடன் கணக்கிலிருந்து அன்றன்றைய கணக்கை முடிப்பதுவரை அவனுக்குக் கற்றுக் கொடுப்பது இவள். ஆறு மாதம் கழித்து இவள் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுவது அவன். "அது மட்டும் பழகவே இல்ல" என்றாள். அந்த வலியோடுதான் இருந்தாள். ஆனாலும் தன் முடிவுக்காக ஒருநாளும் வருந்தியதில்லை. அவளுடைய காரணம் ஐந்து வருடத்தில் மாறக்கூடியது அல்ல. அதை அவள் அறிந்தே முடிவெடுத்தாள். அப்படிப்பட்ட காரணம் இருப்பவர்கள் தாராளமாக இருக்கலாம். 'பயமாக இருக்கிறது', 'ஊரில் என்ன சொல்வார்கள்' என்பவை அந்த வகைக் காரணங்கள் ஆகாது.

இன்னொருத்தி பிள்ளையோடு போனவள். 31 வயதில் நான்கு வயது மகனையும் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்குப் போனாள். பிறகு விஜயவாடா, பிறகு பெங்களூரு. இன்று உதவிப் பொது மேலாளர். பையனைக் கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்தாள். பொதுத்துறை ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை உண்டு. ஊர் மாறினால் ஒரு கேந்திரிய வித்யாலயாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வதும் எளிது, பாடத்திட்டம் ஒன்றுதான். நாகர்கோவிலிலும் ஒன்று இருக்கிறது, திரும்பி வந்தாலும் தொடரலாம்.

அவள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். கணவருக்கு வடசேரியில் கடை. பதினோரு வருடம் இருவரும் இரண்டு ஊரில் இருந்தார்கள். பையனுக்குத் தமிழ் பேச வரும், வாசிப்பதற்குத் திணறுவான். தாத்தா ஆசையாக எழுதிய கடிதத்தை அம்மா வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. நாகர்கோவில் அவனுக்கு லீவுக்கு வரும் ஊர். தோவாளைப் பூச்சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. இது சின்ன இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவளும் சொல்லவில்லை. அவளிடம் கேட்டால், மறுபடியும் போவேன், ஆனால் ராத்திரி அரைமணி நேரம் உட்கார்ந்து அவனுக்குத் தமிழ் எழுதக் கற்றுக் கொடுத்திருப்பேன் என்பாள்.

மூன்றாவது வழியில் போனவள் நான். நான்காவது வழியில் ஒன்பது வருடம் நின்றுவிட்டு, அதற்கப்புறம் மூன்றாவது.

2005-இல் முதல் வாய்ப்பு வந்தபோது எனக்கு முப்பது வயது, மகளுக்கு ஐந்தாகவில்லை. பிள்ளை வளரட்டும் என்றார்கள், நானும் அதையே சொன்னேன். என் மாமிக்கு அப்போது 58. அதிகாலையில் எழுந்து கிணற்றில் தண்ணீர் கோரி, வீடு பெருக்கி, மரச்சீனி அவித்து, சந்தைக்கும் போய்வரும் உடம்பு. "பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா மக்களே" என்று அவரே சொன்னார். எனக்குத்தான் மனது வரவில்லை. 2009-இல் இன்னொரு வாய்ப்பு. அப்போது மகளுக்குப் புதுப் பள்ளி, அதனால் அதையும் விட்டேன். 2014-இல் எழுதித் தேறி, தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிளைக்கு ஆர்டர் வந்தபோது மகள் ஒன்பதாம் வகுப்பு. மாமிக்கு 67 வயது, சர்க்கரை, முட்டுவலி.

எதற்காகத் தள்ளிப்போட்டேனோ அந்தப் பிள்ளைக்கு அம்மா மிகவும் தேவைப்பட்ட நாலு வருடத்தில் நான் ஊரில் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு யார் சோறு ஊட்டினாலும் வயிறு நிறையும். பதினாலு வயதுப் பிள்ளை பள்ளியிலிருந்து வந்து பையைக் கீழே போடும் விதத்தைப் பார்த்து, இன்று என்னவோ நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அம்மா வேண்டும். போனில் கேட்டால் "ஒண்ணும் இல்லம்மா" என்றுதான் சொல்லும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வாரக் கடைசிப் பயணங்களைப் பற்றியும் சொல்கிறேன். நாகர்கோவில்–பெங்களூரு எக்ஸ்பிரஸ் தர்மபுரி வழியாகப் போகும். இரவு ஏறினால் விடியற்காலை இறங்கலாம். 2015 செப்டம்பரில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி விடுமுறை வந்த பிறகு மாதம் இரண்டு முறை வர முடிந்தது. அதற்கு முன்னால் ஞாயிறு காலை வந்து அன்று மாலையே கிளம்ப வேண்டும், குளித்துச் சாப்பிட்டு மகளோடு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நேரம் முடிந்துவிடும். இப்போது போகிறவர்களுக்கு இதில் கொஞ்சம் வசதி கூடியிருக்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து சென்னைக்கு வந்தே பாரத் ஓடுகிறது, பகலில் ஒன்பது மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

தனியாக இருப்பவர்களை அதிகம் கட்டிப்போடுவது சாவி. கேஷ் பெட்டகத்தின் சாவி இரண்டு பேர் கூட்டுப் பொறுப்பில் இருக்கும், இருவரும் வந்தால்தான் திறக்கும். லீவில் போவதானால் பதிவேட்டில் எழுதி, இன்னொருவரிடம் முறைப்படி ஒப்படைத்துவிட்டுத்தான் நகர முடியும். மகளுக்கு டெங்கு என்று ஒரு புதன்கிழமை இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. சாவி என்னிடம். மறுநாள் காலை கிளை திறந்து, கேஷ் எண்ணி, ஒப்படைத்து, பஸ் பிடித்து மதுரை வந்து, அங்கிருந்து நாகர்கோவில் வந்து சேர வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. மகளை ஆசாரிபள்ளம் மருத்துவமனையில் என் மைனி பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

மூன்று வருடம் என்று நினைத்துப் போனது நாலேகால் வருடம் ஆனது. திரும்பி வர விண்ணப்பித்தபோது, மேலிடத்தில் ஒருவர், "நாகர்கோவில்காரங்க எல்லாரும் திரும்பி நாகர்கோவிலுக்கே வந்தா எப்படிம்மா?" என்றார். கேட்ட விதம் பிடிக்கவில்லை. ஆனாலும் அதில் உண்மை இருந்தது. நம் மாவட்டம் சின்னது, வெளியே இருக்கும் நம்மவர்கள் நிறைய. இடம் காலியாவதற்கு வரிசையில் நிற்க வேண்டும்.

இங்கே நம் மாவட்டத்துக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. பல வங்கிகளில் மேல்படிக்குப் போகக் கிராமப்புறக் கிளை அனுபவம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கிக் கணக்கில் பத்தாயிரத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்தான் கிராமப்புறம். நம் மாவட்டத்தில் 2011-இல் 82 சதவீதம் பேர் நகர்ப்பகுதியில் இருந்தார்கள். பேரூராட்சிகள் மட்டும் ஐம்பதுக்கு மேல். வயலும் வாழைத்தோப்புமாகக் கண்ணுக்குத் தெரியும் ஊர்கூடப் பதிவேட்டில் சிறு நகரம். ஆகவே அந்தக் கிராமப்புற வருடங்களையும் வெளி மாவட்டத்தில்தான் முடிக்க வேண்டியிருக்கும். ஊரிலேயே இருந்துகொண்டு ஸ்கேல் மூன்று வரை போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இவ்வளவு சொல்லிவிட்டேன், அப்படியானால் எதற்குப் போக வேண்டும் என்ற கேள்வி வரும். அவளும் கேட்டாள். சம்பளத்தைத் தாண்டி எனக்கு ஒரு காரணம் உண்டு. ஊர் திரும்பி, நான் முதல்முதலாக மேலாளராக இருந்த கிளைக்குக் குளச்சல் பக்கம் தலைச்சுமையாக மீன் விற்கும் பதினைந்து பெண்கள் ஒரு குழுவாகக் கடன் கேட்டு வந்தார்கள். பழைய கடன் ஒன்றில் இரண்டு தவணை தவறியிருந்தது. எனக்கு முன்பு இரண்டு பேர் அந்த விண்ணப்பத் தாளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் அவர்களின் சங்கப் பதிவேட்டை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். தவறிய இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதம் ஒன்றுகூடத் தவறவில்லை. தவணையைத் தடைக்காலத்துக்கு ஏற்ப மாற்றி, கையெழுத்துப் போட்டேன். கிளார்க்காக இருந்தபோதும் இதே போன்ற தாள்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன, நியாயம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துமிருக்கிறது. ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. அந்த நாற்காலியில் நம் ஊர்ப் பெண்களின் பாட்டை அறிந்த ஒருத்தி உட்காருவதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அந்தக் கடன் ஒழுங்காக அடைந்தது.

அவளுடைய பெரிய தயக்கம் காசோ சாவியோ அல்ல. "பிள்ளையள விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லுவாங்க அக்கா." யார் சொல்வார்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டார், நாத்தனார், கோயிலில் பார்ப்பவர்கள். அவள் கணவர் ஏழு வருடமாக மஸ்கட்டில். இளையவள் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. அவரை யாரும் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவர் என்று சொன்னதில்லை, குடும்பத்துக்காகக் கஷ்டப்படுகிறார் என்றுதான் சொல்கிறார்கள். அது உண்மையும்கூட. அதே வீட்டிலிருந்து பெண் சேலத்துக்கோ திருச்சிக்கோ போனால் மட்டும் கணக்கு ஏன் மாறுகிறது? நம் ஊர் நர்ஸ் பிள்ளைகள் கைக்குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வளைகுடாவுக்குப் போய், வீடு கட்டி, தங்கைகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களைப் பேசிய ஊர்தான் பிறகு அவர்களிடம் சென்று கைமாற்றும் வாங்கியது.

குளச்சல் தொகுதியில் ஜெயித்து 1957-இல் காமராஜர் அமைச்சரவையில் அமைச்சரானார் லூர்தம்மாள் சைமன். உள்ளாட்சியும் மீன்வளமும் அவர் பொறுப்பில் இருந்தன. அப்போது இந்த மாவட்டத்தில் ரயிலே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல், திருநெல்வேலிப் பாதை திறந்தது 1981-இல். சென்னைக்குப் போகத் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ சாலை வழியாகப் போய் ரயில் ஏற வேண்டிய காலம் அது. அந்தத் தூரத்தைக் கடந்து ஒரு பெண் இங்கிருந்து போய்க் கோட்டையில் உட்கார்ந்ததை நினைத்தால், எனக்குத் தர்மபுரி அவ்வளவு தொலைவாகத் தெரியவில்லை.

அவளுக்காக ஒரு தாளில் வயதுகளை எழுதினேன். இப்போது போனால் அவளுக்கு 33, மகனுக்கு 7, மகளுக்கு 3, மாமிக்கு 59. மூன்று நாலு வருடம் வெளியூரில் இருந்து திரும்பினால் மகன் ஆறாம் வகுப்பில் இருப்பான். அடுத்த படி, அடுத்த மாற்றம் வரும்போது அவன் எட்டாம் வகுப்புக்குள். அவன் பத்து, பிளஸ் டூ எழுதும் வருடங்களில் ஊரில் இருக்க வாய்ப்பு உண்டு, இல்லாவிட்டால் அந்தச் சமயம் ஒரு படியைத் தானே தள்ளிவைக்கலாம். அதற்குள் ஸ்கேல் இரண்டு கையில் இருக்கும். ஐந்து வருடம் தள்ளிப்போட்டால் இந்தக் கணக்கு முழுவதும் இடம் மாறி, மகனின் பிளஸ் டூவும் மாமியின் முதுமையும் இவளுடைய ஊர் மாற்றமும் ஒரே சமயத்தில் வந்து விழும். எனக்கு விழுந்தது அப்படித்தான். பிள்ளை சின்னது என்பதைப் போகாமல் இருப்பதற்கான காரணமாக எல்லோரும் சொல்கிறோம். நான் இப்போது அதைப் போவதற்கான காரணமாகப் பார்க்கிறேன்.

ஆக, என் கருத்தைக் கேட்டால்: மாறாத காரணம் இருந்தால் இருங்கள், அதை வீட்டிலும் அலுவலகத்திலும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் போங்கள், முடிந்தால் பிள்ளைகளோடு போங்கள். தனியாகப் போவதை மூன்றாவதாகவே வைப்பேன், அதுவும் வீட்டில் திடமான ஒரு பெரியவர் இருந்தால்தான். அடுத்த வருடம் பார்ப்போம் என்பதைத்தான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அது முடிவே எடுக்காமல் வருடத்தைக் கொடுத்துவிடுவது.

போவது என்றானால் முன்கூட்டிச் செய்ய வேண்டியவை சில. தேர்வாகி ஆர்டர் வந்த பிறகு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் மறுபடி விண்ணப்பிக்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று உங்கள் வங்கி விதியை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், வங்கிக்கு வங்கி மாறும். திருமணமான பெண் ஊழியர்களைக் கணவர் வேலை பார்க்கும் ஊரிலோ, முடிந்தவரை அதன் அருகிலோ போட வேண்டும் என்று 2014-இல் மத்திய நிதிச் சேவைகள் துறை வங்கிகளுக்கு எழுதியது. ஆனால் கணவர் வளைகுடாவில் இருந்தால் அந்த வாசகம் நேராக உதவாது. பிள்ளைகளின் வயது, மாமியின் மருத்துவச் சான்று இவற்றை இணைத்துத் தனியாக எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டதற்குப் பதில் வராது. அருந்ததி பட்டாச்சார்யா பாரத ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவராக இருந்தபோது, பிள்ளை வளர்ப்புக்காகவும் பெரியவர்களைப் பார்ப்பதற்காகவும் பெண் ஊழியர்கள் இரண்டு வருடம் வரை வேலையை விடாமல் விலகியிருந்து திரும்பி வர வழி செய்தார். உங்கள் வங்கியில் அப்படி ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். பிளஸ் டூ வருடத்துக்கு அது உயிர் காக்கும். மாதம் ஒரு நாள் மருத்துவச் சான்றில்லாமல் உடல்நல விடுப்பு எடுக்கலாம் என்று 2024 ஒப்பந்தம் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதை எடுக்கக் கூச்சப்பட வேண்டாம். வாடகை வீட்டைக் கிளைக்குப் பக்கத்தில் பாருங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் சரி. வங்கி ஒரு வரம்பு வரை கொடுத்துவிடும். சாவியை யாரோடு வைத்திருக்கிறீர்களோ அவரோடு முதல் வாரமே பேசி, அவசரம் வந்தால் ராத்திரியே யாரிடம் ஒப்படைப்பது என்று மேலாளரின் அனுமதியோடு ஏற்பாடு செய்து வையுங்கள்.

புதன்கிழமை ராத்திரி அவள் கணவரோடு வீடியோவில் ஒரு மணி நேரம் பேசினாள். அவர் முதலில் கேட்டது, "என் சம்பளம் போதாதா?" என்பது. அவள் வயது எழுதிய அந்தத் தாளைக் கேமராவில் காட்டினாளாம். அவர் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, காலையில் பதில் சொல்கிறேன் என்றார். காலையில், "எழுது, மிச்சத்த நான் வந்து பேசிக்கிடுதேன்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. வியாழக்கிழமை மாலை விண்ணப்பித்துவிட்டாள். தேர்வு இன்னும் நடக்கவில்லை.

நேற்று அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மாமி. நான் இருந்த ஊரில் வீடு எப்படி, தண்ணீர் எப்படி, பிள்ளைக்குப் பால் கிடைக்குமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "மீன் கெடைக்குமா?" என்றார். அணை மீன் கிடைக்கும், நம்ம கடல் மீன் ஐஸில் வைத்துத்தான் வரும் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அப்போ இந்த வருசம் கருவாடு கூடுதலாப் போட்டு வைக்கேன்" என்றார்.